மச்சான் பெயரில் ஒரு வாக்கு

அத்தியாயம் பதினொன்று

பிரதாபன் கடைசியாக இவ்வளவு பதறியது அகதி விசாரணை நடந்த அன்றுதான் என்று கௌசி சொன்னாள். அது சுத்தப் பொய். அன்றைக்கு அந்த மனிதர் விசாரணை அறைக்கு வெளியே குறட்டை விட்டுத் தூங்கியவர்.

இன்று சனிக்கிழமை. ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில், பன்னிரண்டாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. அதன் முன்னால் நான்கு கதிரைகள் ஒரே வரிசையில். குடும்பப் படம் எடுக்க ஸ்ரூடியோவுக்கு வந்தவர்கள் போல எல்லோரையும் உட்கார வைக்கும் திட்டம்.

வாராவாரம் வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்கள் முழிக்கக் கூடாதல்லவா, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதாபன் மட்டக்களப்பிலிருந்து நேராகக் கனடாவுக்கு வந்தவர் இல்லை. இடையில் ஆறு வருடம் இங்கிலாந்தின் வடக்கே, கார்ஸ்பி என்ற சின்ன ஊரில் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தார். வீதிக்கு மறுபுறம் கார்ஸ்பி டவுன் கால்பந்துக் கழகத்தின் மைதானம். கோல் விழுந்தால் கடைக் கண்ணாடி அதிரும். அந்த ஊரில் அவர் முதன்முதலாக 'நாங்கள்' என்று சொன்னது அந்தக் கழகத்தைப் பற்றித்தான். ரொறன்ரோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும், கார்ஸ்பி தோற்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பத்து வருடத்துக்கு முன் அந்தக் கழகம் கடனில் மூழ்கியது. ரசிகர்கள் சங்கமாகச் சேர்ந்து அதை வாங்கினார்கள். ஆயிரம் பவுண் கொடுத்தவருக்கும் ஒரு வாக்கு, பத்துப் பவுண் கொடுத்தவருக்கும் ஒரு வாக்கு என்பது அவர்களுடைய சட்டம். பிரதாபன் என்ன செய்தார்? சீட்டுக் கட்டுகிற வழக்கத்தில், தன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, மகள் பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று நான்கு பெயரைப் போட்டுக் காசைக் கட்டினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சென்ற வாரம்தான் குட்டு உடைந்தது. கிரென்வெல் என்ற பணக்காரர் கழகத்தை விலைக்குக் கேட்கிறார். விற்பதா இல்லையா என்று இன்று வாக்கெடுப்பு. வெளிநாட்டு உறுப்பினர்கள் முன்போல இணையத்தில் போட்டால் போதாது, வீடியோவில் முகம் காட்டித்தான் வாக்குச் சொல்ல வேண்டும் என்று சங்கம் அறிவித்துவிட்டது. ஆகவே பிரதாபன் மூன்று பேரைக் கூப்பிட்டு, "நீங்கெல்லாம் ஒரு இங்கிலீஸ் கிளப்புக்குச் சொந்தக்காரர்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கௌசி ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். மகள் தேனுகா சிரிக்கவில்லை. அவளுக்குக் கேள்விகள் இருந்தன.

தேனுகா ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். ஒரு கணக்கின் பெயருக்குப் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார் என்று தேடிப் பார்க்கிற வேலை. எதையும் தோண்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. கோப்பிக் கோப்பையுடன் வந்து அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"கேட்டா 'நோ' எண்டு சொல்லுங்க மகள். வேற ஒண்டும் தேவல்ல," என்றார் பிரதாபன்.

"ஏனப்பா நோ? அவர் காசு போட வாறார். கிளப்பிட்ட காசு இல்லை. டீல் நல்லாத்தானே இருக்கு?"

"அவன் காசு போட வரல்ல. மைதானத்துக்கு வாறான். ஊருக்கு நடுவில இரிக்கிற காணி. ரெண்டு வருசத்தில அதில பிளாட் எழும்பும். நம்மட பொடியனுகள் ஊருக்கு வெளிய எங்கயாவது வாடகைக்கு விளையாடுவானுகள்."

"சரி. கிளப்பிட்ட ஏன் காசு இல்லை?"

பிரதாபன் மேசைவிரிப்பின் நூலொன்றை இழுத்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஆளை எடுத்தம். கோல் அடிக்கிறதில சூரன். அவன் இரிந்தா மேல் லீக்குக்குப் போயிரிக்கலாம். அங்க ரீவிக்காரன் குடுக்கிற காசே வேற. மூணாவது மெச்சில முழங்கால் போயிட்டு."

"அதுக்கு?"

"அவனுக்குச் சம்பளம் குடுக்கத்தானே வேணும்? வருமானத்துக்கு மேல செலவழிச்சது பிழை எண்டு லீக் பன்னிரண்டு பொயின்ரைக் கழிச்சிட்டு. விளையாடித் தோக்கல்ல மகள். கணக்கில தோத்துக் கீழ விழுந்தம்."

தேனுகாவுக்கு இது உண்மையிலேயே சுவாரசியமாக இருந்தது. விளையாட்டில் அடித்த கோலை வரவு செலவுக் கணக்கு அழிக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. "பன்னிரண்டு எண்டு எப்படிக் கணிச்சவை? பணக்கார கிளப்புகளுக்கும் இப்படிக் கழிப்பினமோ?"

"அவங்களுக்கு வக்கீல் இரிக்கி. வருசக்கணக்கா இழுப்பானுகள். நம்மளுக்கு ஆர் இரிக்கா?"

"அந்தச் சம்பளக் காசு எங்கையிருந்து வந்தது?"

"கடன். கிரென்வெல்தான் தந்தவன். மைதானத்தை ஈடு வச்சி."

"ஓ! அப்ப கடன் தந்த ஆள்தான் இப்ப வாங்க நிக்கிறார். அப்பா, ஈடு வைக்கிறதெண்டு ஆர் முடிவெடுத்தது?"

"நாங்கதான். வாக்கெடுப்பு வச்சித்தான். கமிட்டியில பாதிப் பேர் வேணாம் வேணாமெண்டு கத்தினவங்க." பிரதாபனுக்கு இப்போது முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டே ரெண்டு வாக்கில வெண்டனாங்க!"

தேனுகா அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

வந்தவர் தில்லையம்பலம், கௌசியின் அண்ணன். பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வந்த கோபம் முகத்தில் இருந்தது. அதையும் மீறி நீலக் கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டிருந்தார். கையில் ஒரு பெட்டி மீன் பற்றீஸ்.

"என்ன அண்ணை, கலியாணத்துக்கோ போறியள்?" என்றாள் கௌசி.

"வெள்ளைக்காரிக்கு முகம் காட்டச் சொன்னால் பெனியனோடையோ வாறது?" என்று அவர் கதிரையில் அமர்ந்தார். "மச்சான், ஒண்டு கேக்கிறன். பத்து வருசமாய் நான் முதலாளி எண்டுறீர். லாபம் எங்கை?"

"லாபம் இல்ல மச்சான். அது ஊருக்குச் சொந்தமான கிளப். லாபம் வந்தா கிளப்புக்குத்தான்."

"அப்ப நட்டத்துக்கு மட்டும்தான் என்ர பேரோ? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வேண்டாம் எண்டோ சொல்லியிருப்பன்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு முழுமையாக இல்லை. பிரதாபன் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கிரென்வெல்லைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது.

"ஆள் எப்படிப்பட்ட கள்ளனெண்டு கேளுங்க," என்று எழுந்து நின்றுவிட்டார். "கிளப்பை வாங்குறவன் ஆரெண்டு வெளிய காட்ட வேணும். அதுதான் சட்டம். அவன் என்ன செஞ்சிரிக்கான்? ஒரு கொம்பனி பெஞ்சாதிட பேரில. இன்னொண்டு மகள்ட பேரில. மற்றது மச்சான்ட பேரில! அவங்களுக்குப் பாவம், ஒண்டுமே தெரியா. எல்லாத்தையும் பின்னால இரிந்து ஆட்டுறது இவன் ஒருத்தன். இது நீதியா?"



கௌசி பற்றீஸைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள். தில்லையம்பலம் கூரையைப் பார்த்தார். பிரதாபன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "என்ன?" என்றார்.

"அப்பா," என்றாள் தேனுகா மெல்ல. "பெஞ்சாதி, மகள், மச்சான்."

கௌசிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. "ஐயோ கடவுளே! கிரென்வெல் எங்கட வீட்டிலையெல்லோ இருக்கிறார்!"

"அது வேற, இது வேற!" பிரதாபன் காது மடல் சிவந்தது. "நான் என்ன சம்பாதிக்கவா போட்ட நான்? நாலு பேருக்கும் நான்தானே காசு கட்டினன்? கிளப்புக்கு உதவியெண்டு. சீட்டில நாலு பேரைப் போடுறல்லயா? ஆராவது பிழை எண்டு சொன்னதா?"

"சீட்டில நாலு பேர் போட்டா நாலு பங்கு காசு கட்டுவியள், நாலு பங்கு எடுப்பியள். அது சரி," என்றாள் தேனுகா. "இது வாக்கு அப்பா. ஒராளுக்கு ஒண்டு எண்டதுதான் அந்தக் கிளப்பின்ர முழுக் கதையுமே. நீங்கள்தானே எனக்கு இப்ப சொன்னது, ரெண்டு வாக்கில வெண்டதெண்டு?"

"ஓம்."

"அண்டைக்கு எங்கட மூண்டு பேரின்ர வாக்கையும் ஆர் போட்டது?"

பிரதாபன் விரல் மடித்து எண்ணினார். மூன்றாவது விரலில் நின்றுவிட்டார்.

தேனுகா கணக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று வாக்குகள் இல்லாவிட்டால் தீர்மானம் ஒரு வாக்கால் தோற்றிருக்கும். கடன் இல்லை. கோல் அடிக்கிற சூரன் இல்லை. பன்னிரண்டு புள்ளி போயிருக்காது. கிரென்வெல் வாசலுக்கே வந்திருக்க மாட்டார். ஒரு ஊர் முழுக்கக் கிடந்து அழுத காரியத்தை, சமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டாம் மாடியில் ஒருவர் தேநீர் குடித்தபடி செய்து முடித்திருக்கிறார்.

பிரதாபன் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். தான் நேசித்த ஒன்றைத் தானே குத்தினோம் என்று தெரிகிறபோது மனிதனுக்கு வலிப்பதில்லை, முதலில் வெறுமையாகத்தான் இருக்கிறது. அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணினி மணியடித்தது.

திரையில் ஸ்டெபனி வந்தாள். சங்கத்தின் செயலாளர். அறுபது வயதிருக்கும். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பிரதாபனுடன் பல வருடமாகப் பேசிப் பழகியவள்.

"எல்லோரும் வந்துவிட்டீர்களா? நல்லது," என்றாள் ஆங்கிலத்தில். "பிரதாபன், உங்களை எனக்குத் தெரியும், நீங்கள் கடைசி. மற்றவர்களிடம் முதலில் ஒரு கேள்வி. கிரென்வெல்லின் வக்கீல்கள் எங்கள் உறுப்பினர்களையே சந்தேகிக்கிறார்கள். அதனால் இன்று காலை குழு இதைச் சேர்த்தது. முன்பு நடந்த கடன் வாக்கெடுப்பில் உங்கள் வாக்கை நீங்களேதான் போட்டீர்களா? பதில் பதிவாகும்."

முதலில் கௌசி. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். சற்று முன் கலகலவென்று சிரித்தவள்தான். இப்போது அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யெஸ்," என்றாள். "நானேதான் போட்டேன்."

அடுத்தது தில்லையம்பலம். தங்கை சொன்ன பிறகு அண்ணன் மாற்றிச் சொல்வாரா? கழுத்துப் பட்டியை நேராக்கினார். "யெஸ் மேடம். ஐ ரிமெம்பர் வெரி வெல். வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது."

"அந்த வாக்கெடுப்பு ஜூலையில் நடந்தது, ஐயா."

"கனடாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது மேடம்."

ஸ்டெபனி எதையோ குறித்துக்கொண்டாள். "தேனுகா?"

தேனுகா கோப்பையைக் கீழே வைத்தாள். கிழமையில் ஐந்து நாளும் அவள் மற்றவர்களிடம் கேட்கிற கேள்வி இது. ஓம் என்றால் பொய். இல்லை என்றால் அம்மாவும் மாமாவும் பொய்யர்கள், இந்த வீட்டின் வாக்குகளெல்லாம் போய்விடும், கிரென்வெல் வென்றுவிடலாம். உண்மை பேசுவது சுலபமான காரியம் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கண்ணால் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டிக் கணினியைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஸ்டெபனி, பிள்ளையிடம் கேட்க வேண்டாம். நான்கு வாக்கையும் போட்டது நான். ஒரு தடவை மட்டுமில்லை, தொடக்கத்திலிருந்தே."

ஸ்டெபனி பேனாவைக் கீழே வைத்தாள்.

"கடன் வாக்கெடுப்பில் நான்கையும்?"

"நான்கையும்."

ஸ்டெபனி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "பிரதாபன், அன்றைக்கு வேண்டாம் என்று கத்தியவர்களில் நானும் ஒருத்தி. அதற்காக இந்த ஊரில் எத்தனை பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள் தெரியுமா? கழகம் முன்னேறுவது எனக்குப் பிடிக்கவில்லையாம்."

"தெரியும். அப்போது நானும் உங்கள் மேல் கோபப்பட்டேன்," என்றார் அவர். "என்னை மன்னித்துவிடுங்கள்."

"மன்னிப்பைப் பிறகு பார்ப்போம். உங்கள் உறுப்புரிமை இந்த நிமிடத்தோடு முடிகிறது. அந்த விதியை எழுதியவள் நானே." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். திரையில் வெறும் கதிரை. பின்னால் யாரோ பலமாகப் பேசுவது கேட்டது. பிரதாபன் அந்த வெறும் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது அவளுடைய முகம் வேறாக இருந்தது.

"இன்றைய வாக்கெடுப்பை நிறுத்திவிட்டோம். எங்கள் வழக்கறிஞர் பக்கத்தில் இருக்கிறார். அந்தப் பழைய தீர்மானம் உண்மையில் தோற்றிருந்தால், மைதானத்தை ஈடு வைக்க எங்களுக்கு அதிகாரமே இருந்திருக்காது. கிரென்வெல்லின் ஈடு செல்லாமல் போக இடமிருக்கிறது. நிச்சயமில்லை. ஆனால் இடமிருக்கிறது."

தேனுகா எழும்பியே விட்டாள். "அப்ப மைதானம் தப்பும்!"

"ஒன்று செய்ய வேண்டும்," என்றாள் ஸ்டெபனி. "இதை விசாரிக்க ஒரு குழு புதன்கிழமை கூடுகிறது. பிரதாபன் அங்கே எல்லோர் முன்னும் இதைச் சொல்ல வேண்டும். கிரென்வெல்லின் வக்கீல் உங்களைக் கிழித்துவிடுவார். ஊரும் உங்களைச் சும்மா விடாது."

"வருகிறேன்," என்றார் பிரதாபன். யோசிக்கவே இல்லை.

"ஸ்டெபனி, ஒரு நிமிடம்." கௌசி குனிந்து கணினிக்கு முன்னால் வந்தாள். "நான் சொன்ன பதிலை மாற்றுங்கள். நான் பொய் சொன்னேன். அந்த வாக்கு எனக்கு இருப்பதே போன கிழமைதான் தெரியும். எங்கே வந்து சொல்ல வேண்டுமோ அங்கே நானும் வருகிறேன்."

"நானும் போடவில்லை," என்றாள் தேனுகா.

ஸ்டெபனி தலையசைத்தாள். "இரண்டு. மிஸ்டர் தில்லையம்பலம், நீங்கள்?"

தில்லையம்பலம் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். "நான் என் பதிலைச் சொல்லிவிட்டேன், மேடம்."

"அண்ணை!" என்றாள் கௌசி.

"என்ன அண்ணை? நீ சொன்னாய், உனக்காக நான் சொன்னனான். இப்ப நீ மாத்துவாய். உன்ர மனுசன் அழுவார், எல்லாரும் நல்லவர். வக்கீலுக்கு முன்னால பனி கொட்டினதெண்டு சொன்ன பைத்தியக்காரன் நான் மட்டும்."

"மச்சான், இரிங்க. பிழை என்டது. உங்கட காலில வேணுமெண்டாலும் விழுறன்," என்றார் பிரதாபன்.

"காலில விழ வேண்டாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காணும்."

கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு அடித்துச் சாத்தப்படவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார். அதுதான் எல்லோரையும் பயப்படுத்தியது.

"மூன்று வாக்குகள் விலகினால் தீர்மானம் தோற்கும்," என்றாள் ஸ்டெபனி. "இரண்டுதான் என்றால் சமம். சமமானால் தலைவரின் வாக்கு முடிவு செய்யும் என்பது விதி. அன்றைய தலைவர் கடன் வாங்கும் பக்கம் நின்றவர். நான்கையும் நீங்களே போட்டதாக நீங்கள் சொல்லலாம், பிரதாபன். ஆனால் அவர் தானே போட்டதாகப் பதிவில் சொல்லியிருக்கிறார். கிரென்வெல்லின் வக்கீல் அதை விடவே மாட்டார். புதன்கிழமைக்கு முன் அவர் பதில் மாற வேண்டும்."

தேனுகா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். லிப்ட் இன்னும் வரவில்லை. மாமா சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"மாமா, உங்கட ஒரு வாக்கிலதான் இப்ப எல்லாம் நிக்குது. உண்மையைச் சொன்னால் ஒரு ஊரே காப்பாற்றப்படும்."

தில்லையம்பலம் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. கண் கலங்கியிருந்தது.

"பொய்யை நான் என்ர தங்கச்சிக்காகச் சொன்னனான், பிள்ளை. பத்து வருசமாய் என்ர பேர் மட்டும் தேவைப்பட்டது, நான் தேவைப்படேல்லை. உண்மையை நான் ஆருக்காகச் சொல்ல வேணும், சொல்லு?"

லிப்ட் கதவு திறந்தது. அவர் உள்ளே போய், அவளுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றுகொண்டார்.